உரிவது பெயின்ட், உரிப்பது உப்பு

முந்தலில் மேற்குப் பார்த்த வீடொன்றின் யன்னலைத் திறந்து, அதன் வெளிப்புற அடிச்சட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கோதுமை மா ஒட்டியதுபோல விரல் வெளுக்கும். கொஞ்சம் பெயின்ட் தூள், கொஞ்சம் புழுதி, கொஞ்சம் உப்பு. சட்டத்தின் நடுவில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். இரண்டு ஓரங்களிலும், நிலைக்கால் வந்து இறங்கும் மூலைகளில், மரம் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் திருப்புளியின் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால், நனைந்த பாணுக்குள் போவதுபோல உள்ளே போகும். தடவிய விரலை நாக்கில் வைத்து உப்பா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்காரர் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பெயின்ட் சரியில்லை. பொங்கலோ பெருநாளோ நத்தாரோ வரும்போது வேறு கம்பனியின் டின் ஒன்றை வாங்கி, எழும்பிய பொருக்கைச் சுரண்டிவிட்டு மேலே இரண்டு பூச்சு அடிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே பொருக்கு. பெயின்ட்டில் குறை இருக்கவும் கூடும். ஆனால் ஒரே மூலையில் மூன்று கம்பனிகளின் பெயின்ட்டும் உரிந்தால், விசாரிக்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, அதற்குக் கீழே இருப்பதை. இந்தக் கரையில் கீழே இருப்பவை இரண்டு: கழுவாமல் விட்ட உப்பு, வெளியேற வழியில்லாத நீர்.

உப்பு வரும் வழி

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பெருந்தெருவில் இருக்கிறது முந்தல். ஊருக்கு மேற்கே முந்தல் களப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். உடப்பு கிராமம் அதன் மேல்தான். ஒல்லாந்தர் கால்வாய் இந்தக் களப்பை வடக்கே புத்தளம் களப்போடு இணைக்கிறது. ஆக, மேற்கிலிருந்து வரும் காற்று ஒரு கடலையும் ஒரு களப்பையும் கடந்துதான் நம் யன்னலுக்கு வந்து சேர்கிறது.

அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் நுரையாகின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே எறிகிறது. காற்றில் ஏறிய துளியின் நீர் ஆவியாகிப்போக, உப்பு மிஞ்சுகிறது. பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். சிறியவை பல கிலோமீற்றர் உள்ளே வரும்.

இதில் முந்தலுக்கு ஒரு துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கொழும்புக்கும் காலிக்கும் மழையைக் கொடுக்கும். புத்தளம் கரைக்கு அது பெரும்பாலும் காற்றையும் உப்பையும் மட்டுமே கொடுக்கும். இங்கே பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். நான்கைந்து மாதம் உப்பு படிந்துகொண்டே இருக்கும், கழுவ மழை வராது. கடைசியில் மழை வரும்போது மேற்பரப்பு உப்பைக் கழுவும். வெடிப்புக்குள் இறங்கியதைக் கரைத்து இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

உப்புப் போத்தல் சொல்லும் பாடம்

சமையலறையில் உப்புப் போத்தல் இரவில் கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்து, அந்த நீரிலேயே கரைந்துவிடும். 75-க்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். கடலோரத்தில் இரவு ஈரப்பதன் இந்த எல்லைக்கு மேலே போவதும், வெயில் ஏறியதும் கீழே இறங்குவதும் நாளாந்தக் காரியம். அடிச்சட்டத்தில் கிடக்கும் உப்பு இரவில் நீராகி வெடிப்புக்குள் இறங்குகிறது. பகலில் அங்கேயே பளிங்காகிப் பருக்கிறது. மழை ஒரு சொட்டும் வேண்டியதில்லை.

கடலுப்பு வெறும் சோடியம் குளோரைட்டு மட்டுமல்ல. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டென்றால், அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே மக்னீசியம் குளோரைட்டு. இதன் எல்லை வெறும் 33 சதவீதம். முந்தலில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. எனவே மக்னீசிய உப்பு படிந்த மரம் உச்சி வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. பாலாவிப் பக்கம் உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வாரிய உப்பை உடனே விற்காமல் குவித்துச் சில மாதம் விட்டுவைப்பதில் ஒரு நன்மை உண்டு: கசப்பான மக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானாகவே கசிந்து வடிந்துவிடும். அங்கே வடிந்து போவது இங்கே யன்னலில் தங்கிவிடுகிறது.

இந்த உப்பின் மேலேயே பெயின்ட் பூசினால் என்ன நடக்கும்? கருவாடு போடுபவர்களிடம் கேளுங்கள். மீனின் மேல் உப்பைத் தூவினால், உள்ளே இருக்கும் நீர் உப்பைத் தேடி வெளியே வருகிறது. பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தது இதைத்தான். யன்னலில் இது தலைகீழாக நடக்கிறது. பெயின்ட் படலம் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். உப்பை வெளியே விடாது. படலத்துக்குக் கீழே உப்பு இருந்தால், மேலே நிற்கும் பனியும் மழையும் அந்த உப்பைத் தேடி உள்ளே போகும். உள்ளே சேரும் நீர் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்தால் பொருக்கு. எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டானாலும் இதற்குத் தப்பாது.

பஞ்சாகும் மரம்

பெயின்ட் போய்விட்ட இடத்தில் மரத்தை உற்றுப் பாருங்கள். சில இடங்களில் அது உக்கியிருக்காது, வெடித்திருக்காது; மேலே மெல்லிய மயிர்போல நார் நாராக எழுந்து நிற்கும். கையால் தேய்த்தால் பஞ்சுபோல உதிரும். பலரும் இதைச் செல் அரித்தது என்று நினைப்பார்கள். இதுவும் உப்பின் வேலை. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது இலிக்னின் நிறைந்த ஒரு நடுப்படை. உப்புக் கரைசல் அதற்குள் ஊறி, அந்த ஒட்டைச் சிதைத்து, நார்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது.

இதே பஞ்சை உலகின் மறு கோடியில், உறைபனியிலும் கண்டிருக்கிறார்கள். அந்தாட்டிக்காவின் ரொஸ் தீவில் துருவப் பயணிகளான ஸ்கொட்டும் ஷக்கிள்டனும் 1902, 1908, 1911 ஆகிய ஆண்டுகளில் எழுப்பிய மரக் குடில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மரம் ஏன் மயிர்போல எழும்புகிறது என்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ரொபேட் பிளான்செட்டும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். காரணம், கடலிலிருந்து வந்து மரத்தில் செறிந்த உப்பு. முந்தலின் வெயிலும் அந்தாட்டிக்காவின் பனியும் எதிரெதிர். மரத்துக்கு உப்பு செய்வது இரண்டு இடத்திலும் ஒன்றே.

வெயிலின் பங்கு வேறு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் இலிக்னினை உடைத்து, நீரில் கரையும் துண்டுகளாக்குகிறது. அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போக, சாம்பல் நிறச் செல்லுலோசு மிஞ்சுகிறது. பழைய வேலிக்கட்டையின் சாம்பல் நிறம் இதுதான். இந்தக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. ஆனால் பெயின்ட் பிடித்து நிற்க வேண்டியதும் அந்த மெல்லிய படையில்தான். அமெரிக்காவின் மடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசாங்க வனப்பொருள் ஆய்வுகூடத்தில், புதுப் பலகைகளைப் பெயின்ட் பூசாமல் சில வாரம் வெயிலில் விட்டுப் பிறகு பூசிப் பார்த்தார்கள். அந்தச் சில வாரமே பெயின்ட்டின் பிடிப்பைத் தெளிவாகக் குறைத்துவிட்டது. சாம்பல் மரத்தின் மேல் பெயின்ட் பூசுவது, புழுதித் தரையில் ஒட்டுத்தாள் ஒட்டுவதுபோல.

ஓரம் ஏன் முதலில் உக்குகிறது?

மரத்தை உக்க வைப்பது பங்கசு. அதற்கு ஒட்சிசனும் சூடும் நீரும் வேண்டும். முதல் இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. நம் கையில் இருப்பது நீர் ஒன்றுதான். காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடும்போது அதில் உள்ள நீர் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பங்கசு தொடங்காது. 30 சதவீதத்தை எட்டினால் கொண்டாட்டம்தான்.

மரம் என்பது நிமிர்ந்து நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய குழாய்களின் கட்டு. பலகையின் பக்கவாட்டில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். வெட்டுமுகத்தில் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கின்றன. அங்கே பல மடங்கு வேகமாக உறிஞ்சும். அடிச்சட்டத்தின் வெட்டுமுகங்கள் இருப்பது இரு ஓரங்களிலும், சுவருக்குள் நுழையும் இடத்தில். நிலைக்காலின் வெட்டுமுகமும் அதே மூலையில் வந்து இறங்குகிறது. தச்சு வேலையின்போது சட்டத்தின் முகத்துக்கு மூன்று பூச்சு அடித்தவர்கள், சுவருக்குள் மறையப்போகும் வெட்டுமுகத்துக்கு ஒரு பூச்சும் அடிக்காமல் விட்டிருப்பார்கள். கறுப்பு அங்கேதான் தொடங்கும்.

அடுத்த வாசல் யன்னல் கம்பி. கம்பியை இறக்கிய துளை ஒரு சிறு கிணறு. உப்புநீர் தேங்கி இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் சட்டத்தைப் பிளக்கும். கம்பியைச் சுற்றி மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், அது மரத்தின் தனினும் இரும்பும் சேர்ந்து உண்டான கறை. பழங்காலத்து எழுதும் மையே இந்தச் சேர்க்கையால் செய்ததுதான்.

மரத்திலும் வேறுபாடு உண்டு. பலா, முதிரை, பாலை ஆகியவற்றின் வைரம் இலகுவில் உக்காது. ஆனால் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிறு, எந்த மரத்தினது ஆனாலும், பங்கசுக்கு இரைதான். பழைய பலா யன்னல் அறுபது ஆண்டு நிற்க, நேற்றுப் போட்ட பலா யன்னல் ஆறு ஆண்டில் உக்கினால், வெட்டிய மரம் இளையது, பலகையில் வெளிறு கூடியது என்று சந்தேகப்படலாம்.

தேங்காய் எண்ணெய் ஏன் பெயின்ட் ஆகாது?

தென்னை முக்கோணத்தின் விளிம்பில் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். எனமல் பெயின்ட்டின் உயிர் அதன் எண்ணெய்ப் பிசினில் இருக்கிறது. ஆளி விதை போன்ற எண்ணெய்களின் கொழுப்பமிலச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. காற்றின் ஒட்சிசன் அவற்றில் தொற்றி, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி, திரவத்தைத் தோலாக்குகிறது. எனமல் "காய்கிறது" என்பது நீர் வற்றுவதுபோல அல்ல. அது ஒரு இரசாயனத் தாக்கம். இரட்டைப் பிணைப்பை அளக்கும் அயடீன் எண் ஆளி எண்ணெய்க்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரை. அதில் ஒட்சிசன் பிடிக்கக் கொழுகொம்பே இல்லை. எத்தனை நாள் விட்டாலும் அது எண்ணெயாகவே கிடக்கும், புழுதிதான் ஒட்டும். மீனெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு அதிகம். அன்று மரத் தோணிகளுக்கு மீனெண்ணெய் பூசியதில் இரசாயனமும் இருந்தது.

இந்தத் தாக்கம் பெயின்ட் காய்ந்ததோடு நிற்பதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடரும். தோல் இறுகிக்கொண்டே போகும். மரமோ ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். நாரின் குறுக்கே சில சதவீதம்வரை. இறுகிய தோலால் அந்த அசைவைத் தாங்க முடியாது, வெடிக்கும். நீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் வேறு வகை: நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் நீர் வற்ற வற்ற நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. அது நீண்ட காலம் இழுபடும் தன்மையோடு இருக்கும். உள்ளே போன ஈரத்தை ஓரளவு வெளியேயும் விடும். வெளிப்புற மரத்துக்கென்று விற்கும் அக்ரிலிக் இந்தக் கரைக்கு எனமலைவிடப் பொருத்தம் என்பேன். எதைப் பூசினாலும், பிரைமரும் இரண்டு பூச்சும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. மரத்தைக் காப்பாற்றும் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டுவது நியாயமல்ல.

விரலை நாக்கில் வைக்காதீர்கள்

1904-ல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜே. லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளின் பார்வையையும் கை கால்களையும் பாதித்த ஒரு நோய்க்குக் காரணம் கண்டார்: மரவீடுகளின் விறாந்தைக் கைப்பிடிகளில் பூசிய ஈயப் பெயின்ட். வெயிலில் அது தூளாகிப் பிள்ளைகளின் விரலில் ஒட்டியது. விரல் வாய்க்குப் போனது. வெப்பநாட்டு வெயில், தூளாகும் பெயின்ட், அதைத் தொடும் பிள்ளை: நம் யன்னலும் அதே காட்சிதான். இலங்கையில் பெயின்ட்டின் ஈயத்துக்கு எல்லை கட்டும் விதி 2013 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, எமல்ஷனுக்கு 90 பங்கு. அதற்கு முன்பு பூசிய எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். நீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, விழுந்ததைக் கட்டி எடுத்துவிடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்தப் பக்கம் வரவேண்டாம்.

வேலையின் ஒழுங்கு

இனி பழுது பார்க்கலாம். முதலில் திருப்புளியால் சட்டம் முழுவதும் குத்திப் பார்த்து, எது உறுதி, எது உக்கல் என்று சோக்கால் கோடு போடுங்கள். தளர்ந்த பெயின்ட்டைச் சுரண்டியபின் கழுவ வேண்டும். நன்னீரால், தூரிகை போட்டுத் தேய்த்து, இரண்டு முறை. கரையோரக் கிணறுகள் பல உவர். உவர்நீரால் கழுவினால் எடுத்த உப்பை நாமே திருப்பி வைத்தவர்களாவோம். குடிக்கிற நீர் ஒரு வாளி போதும்.

பிறகு காய விடுங்கள். தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று முடிவு கட்டக்கூடாது. சாணளவு பொலித்தீன் துண்டொன்றை மரத்தின் மேல் நாலு பக்கமும் ஒட்டி, வெயிலில் ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்தால் மரத்துக்குள் இன்னும் நீர் இருக்கிறது.

உக்கிய பகுதியை உறுதியான மரம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் குழியைச் சீமெந்தால் அடைப்பதைப் பல வீடுகளில் காணலாம். சீமெந்து நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மரம் சுருங்கி விரியும்போது அது அசையாது. இரண்டுக்கும் இடையே விழும் கோட்டில் நீர் இறங்கும். மரத்தூளும் வெள்ளைப் பசையும் கலந்த அடைப்பும் வெளியே நிற்காது. அந்தப் பசை நீரில் இளகும். சின்னக் குழிக்கு இப்பொக்சி நிரப்பி போதும். பெரிய பழுதுக்கு அதே சாதி மரத்தின் வைரத்தில் துண்டு வெட்டி, சாய்வான பொருத்தாக, நீர் வெளிப்பக்கம் வழியும்படி இணைக்க வேண்டும். எவர்சில்வர் அல்லது பித்தளைத் திருகாணி போடுங்கள். சாதா இரும்பு வேண்டாம். வெட்டிய முகங்கள் எல்லாவற்றுக்கும், மறையப் போகிறவை உட்பட, பிரைமரை உறிஞ்ச உறிஞ்ச இரண்டு மூன்று தடவை கொடுங்கள்.

அடுத்தது நீரின் வழி. சட்டத்தின் மேற்பரப்பு வெளியே சாய்ந்திருக்க வேண்டும். பத்து சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு. மேலே வழியும் நீர் விளிம்பில் சொட்டி விழுந்துவிடும் என்று நினைப்போம். அது விழாது. தேநீர்க் கேத்தலின் மூக்கிலிருந்து தேநீர் வெளிப்புறமாக வழிவதுபோல, நீர் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சுவர்வரை ஊர்ந்து போகும். அதைத் தடுக்கத்தான் பழைய ஓடாவிகள் அடிப்பக்கத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே, நீளவாக்கில் ஒரு தவாளிப்பு இழுத்தார்கள். தவாளிப்பின் விளிம்பில் நீரின் பிடி அறுந்து சொட்டாகும். குனிந்து பாருங்கள்: பல வீடுகளில் அந்தத் தவாளிப்பு இருக்கிறது, ஆனால் இருபது ஆண்டுப் பெயின்ட் அதை நிரப்பிவிட்டது. ஒரு உளியால் கால் மணி நேரத்தில் திறந்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் அரத்தாள், பிரைமர், இரண்டு பூச்சு. வெயில் நேரே விழும்போது பூசாதீர்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகும் வேண்டாம், இரவின் உப்புப் பனி காயாத பூச்சில் இறங்கும். காலமும் முக்கியம். உடப்பில் ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மனம் வரும். ஆனால் அது உப்புக்காற்று உச்சத்தில் நிற்கும் காலம். மாரிமழை உப்பைக் கழுவி, மரம் காய்ந்து, காற்று இன்னும் தொடங்காத மாசியும் பங்குனியும்தான் யன்னலுக்கு நல்ல நாள்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பெயின்ட்டை விட்டுவிடுங்கள். காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறை ஒரு வாளி நன்னீரை எடுத்து, மேற்குப் பக்கத்து யன்னல்களின் அடிச்சட்டத்தைக் கழுவிவிடுங்கள். கழுவி முடிந்ததும் குனிந்து, அடிப்பக்கத்துத் தவாளிப்பில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் உங்கள் யன்னல் பிழைத்துக்கொள்ளும்.